பட்டியலுக்குள் அடங்காத சாதனைகள்: பிரிட்டனின் தெற்காசிய மரபு மாதம்

பிரிட்டனில் தெற்காசிய மரபு மாதம் என்று ஒன்று 2020-இல் தொடங்கியது. முன்னின்றவர்கள் இருவர்: ஜஸ்வீர் சிங் என்ற வழக்கறிஞர், பினிதா கேன் என்ற மருத்துவர். தொடங்கியபோது அவர்கள் வைத்த நாள்கணக்கு எந்த நாட்காட்டி மாதத்துக்கும் பொருந்தாது. ஜூலை 18-இல் ஆரம்பித்து ஆகஸ்ட் 17-இல் முடிந்தது. 1947 ஜூலை 18 அன்றுதான் இந்திய விடுதலைச் சட்டத்துக்கு பிரிட்டிஷ் மன்னர் ஒப்புதல் தந்தார். ஆகஸ்ட் 17 அன்று, இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே ராட்கிளிஃப் வகுத்த எல்லைக்கோடு வெளியானது. சுதந்திரக் கொடி ஏறி இரண்டு நாள் ஆன பிறகுதான், தங்கள் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்பது பஞ்சாபிலும் வங்கத்திலும் பலருக்குத் தெரிந்தது. பினிதா கேனின் தந்தை கிழக்கு வங்கத்திலிருந்து அப்படி வெளியேறிய குடும்பத்துப் பிள்ளை.

பெயரில் கொண்டாட்டம் இருந்தாலும் உள்ளே இருப்பது பிரிவினையின் நினைவு. எனக்கு இதில் குறையில்லை. மேளதாளத்தோடு நின்றுவிடாமல் ஒரு காயத்தை நடுவில் வைத்த விழா, சாதாரண விழாவைவிட நேர்மையானது. ஆனால் நாள் குறிக்கும்போதே யாருடைய நினைவு முன்னே வருகிறது என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. ஆப்கானிஸ்தான் முதல் மாலத்தீவு வரை எட்டு நாடுகளை அணைத்துக்கொள்ளும் மாதம் இது. அதன் இரு முனைகளோ பஞ்சாபிலும் வங்கத்திலும் நட்டவை. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் அது ஏறக்குறைய முழு ஆடி மாதம். நல்ல காரியத்தைத் தள்ளிவைக்கும் மாதத்தில் விழாவா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம், அதை விடுவோம். லண்டனில் வாழும் ஈழத்தமிழருக்கு அதே நாட்களுக்குள் வருவது கறுப்பு ஜூலை. 1983 ஜூலையின் கடைசி வாரத்தில் கொழும்பில் வீடு எரிந்தவர்களுக்கு ராட்கிளிஃப் யாரென்றே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பல இனத்தார் சேர்ந்து வாழும் நாட்டில் ஒரு சமூகத்தின் மரபையும் சாதனையையும் கொண்டாடுவது என்றால் எதைக் கொண்டாடுவது, யாருடைய கணக்கில்? பிரிட்டனின் தெற்காசியர் வரலாறு இந்தக் கேள்விக்கு நல்ல சோதனைக்களம். அங்கே சான்றுகள் நிறைய உண்டு, சச்சரவுகளும் நிறைய உண்டு.

பள்ளிச் சுவரொட்டிகளிலும் நிறுவன அறைகளிலும் வழக்கமாகக் காண்பது ‘முதல்’களின் வரிசை. 1810-இல் லண்டனில் இந்தியர் ஒருவர் நடத்திய முதல் உணவகத்தைத் திறந்த சேக் தீன் முகமது. 1892-இல் ஃபின்ஸ்பரி சென்ட்ரல் தொகுதியில் ஐந்தே வாக்கு வித்தியாசத்தில் வென்ற தாதாபாய் நௌரோஜி. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் பிரதமர் சாலிஸ்பரி, நௌரோஜியைக் கறுப்பர் என்று குறிப்பிட்டு, அப்படிப்பட்டவரை ஆங்கிலத் தொகுதி தேர்ந்தெடுக்குமா என்று மேடையில் பேசியிருந்தார். இந்த வெற்றியைச் சொல்பவர்கள் 1895-இல் நடந்ததைச் சொல்வது குறைவு. அந்தத் தேர்தலில் நௌரோஜி தோற்றார். இன்னொரு பார்சியான மஞ்சர்ஜி பவுநக்ரி, சாலிஸ்பரியின் கட்சியிலேயே நின்று வென்றார். ஒருவர் இந்தியாவின் செல்வம் சுரண்டப்படுவதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர், மற்றவர் பேரரசின் விசுவாசி. 1922-இல் பேட்டர்ஸியில் வென்ற மூன்றாவது பார்சி, ஷாபுர்ஜி சக்லத்வாலா, கம்யூனிஸ்ட். ஒரு சின்னஞ்சிறு சமூகத்திலிருந்து போன மூவர் மூன்று திசை. சமூகத்தின் பிரதிநிதி என்று ஒருவரை நிறுத்துவதில் உள்ள சிக்கல் அன்றே தொடங்கிவிட்டது.

இந்த வரிசையில் வராதவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். லாஸ்கர் என்று அழைக்கப்பட்ட கப்பல் தொழிலாளிகள் லண்டன் துறைமுகத்தில் கூலி தரப்படாமல் கைவிடப்பட்டார்கள். வெள்ளைக் குடும்பங்களோடு குழந்தை பார்த்துக்கொள்ள வந்த ஆயாக்கள் வேலை முடிந்ததும் தெருவில் விடப்பட்டார்கள். ஹாக்னியில் அவர்களுக்கென ஒரு விடுதியே நடந்தது. அந்தக் கட்டடத்தில் நீலப் பலகை பதிக்கப்பட்டது 2022-இல். அந்த ஊர்ப் பெண் ஒருவர் ஆண்டுக்கணக்கில் கேட்டு வாங்கியது அது.

போருக்குப் பிறகு வந்தவர்களின் கதை வேறு. 1948-இன் குடியுரிமைச் சட்டம் பேரரசு, காமன்வெல்த் குடிமக்கள் அனைவருக்கும் பிரிட்டனில் நுழையும் உரிமையை உறுதிசெய்தது. ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. மங்களா அணையில் ஊர் மூழ்கிய மீர்ப்பூர்க்காரர்கள் பிராட்ஃபோர்டின் நெசவாலைகளுக்கும், ஜலந்தர்ப் பக்கத்துப் பஞ்சாபியர் சவுத்தாலின் ரப்பர் ஆலைக்கும், சில்ஹெட்காரர்கள் கிழக்கு லண்டனின் தையல் கூடங்களுக்கும் உணவகங்களுக்கும் வந்தார்கள். பிரிட்டன் முழுவதும் ‘இந்திய’ உணவகம் என்று பெயர்ப்பலகை மாட்டியவற்றில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் இந்தச் சில்ஹெட்காரர்கள்தான்.

1962-இல் குடியேற்றத்துக்கான கதவு பாதி மூடியது. 1968-இல் கென்யாவிலிருந்து வரப் புறப்பட்ட ஆசியர்களை, அவர்கள் கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டே இருந்தும், தடுப்பதற்காக மூன்றே நாளில் ஒரு சட்டம் நிறைவேறியது. லேபர் அரசு செய்த வேலை அது. பின்னாளில் ஐரோப்பிய மனித உரிமை ஆணையம், இது நிறத்தைப் பார்த்துச் செய்த இழிவு என்றே முடிவு சொன்னது.

இங்கே லெஸ்டர் நகரத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1972 ஆகஸ்டில் இடி அமீன், உகாண்டாவிலிருந்த ஆசியர்களுக்குத் தொண்ணூறு நாள் கெடு வைத்தார். ஏறக்குறைய 28,000 பேர் பிரிட்டனுக்கு வந்தார்கள். அவர்கள் புறப்படும் முன்பே, செப்டம்பரில், லெஸ்டர் நகர கவுன்சில் கம்பாலாவின் ‘உகாண்டா ஆர்கஸ்’ நாளிதழில் காசு கொடுத்து ஒரு விளம்பரம் போட்டது. வீடில்லை, பள்ளியில் இடமில்லை, எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்பது அதன் சாரம். விளம்பரத்தைப் பார்த்துத்தான் லெஸ்டர் என்று ஓர் ஊர் இருப்பதே தெரிந்தது என்று அங்கே வந்து சேர்ந்தவர்கள் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு. ஆயிரக்கணக்கில் வந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1976-இன் உள்ளூராட்சித் தேர்தலில், குடியேறிகளைத் திருப்பி அனுப்பச் சொன்ன நேஷனல் ஃப்ரன்ட் கட்சி லெஸ்டரில் 18 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கியது.

அதே லெஸ்டர், பெல்கிரேவ் சாலையில் தீபாவளி விளக்குகளை ஏற்றி, இந்தியாவுக்கு வெளியே நடக்கும் மிகப் பெரிய தீபாவளிகளில் ஒன்று எங்களுடையது என்று சுற்றுலாப் பிரசுரம் போடும் நகரமாக மாறியது. 2021 கணக்கெடுப்பில் லெஸ்டரின் மக்களில் 43 விழுக்காட்டினர் ஆசியர். வெள்ளையர் 41 விழுக்காட்டுக்கும் குறைவு. பல பண்பாட்டு வாழ்வின் வெற்றிக்கு எடுத்துக்காட்டாக இந்த நகரத்தைத்தான் எல்லாரும் காட்டினார்கள். 2022 ஆகஸ்ட் இறுதியில் இந்தியா பாகிஸ்தான் கிரிக்கெட் ஆட்டம் ஒன்றுக்குப் பின் தொடங்கிய சண்டை, செப்டம்பரில் இந்து, முஸ்லிம் இளைஞர் கூட்டங்கள் தெருவில் எதிரெதிரே நிற்கும் அளவுக்குப் போனது. பெல்கிரேவ் சாலை விளக்குகள் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. விளக்கு ஏற்றுவதால் தீராத கணக்குகள் இருக்கின்றன, அவற்றில் சில கடல் கடந்து புதிதாகவும் வருகின்றன என்பதே அர்த்தம்.

லெஸ்டரின் பெருமை மிக்க இன்னொரு பக்கம் சுற்றுலாப் பிரசுரத்தில் வருவதில்லை. 1974-இல் அங்கே இம்பீரியல் தட்டச்சுப்பொறி ஆலையில் ஆசியத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உற்பத்தி இலக்கு அவர்களுக்கு மட்டும் கூடுதல், போனஸ் குறைவு. தொழிற்சங்கத்தின் உள்ளூர்த் தலைமை அவர்களுக்குத் துணைநிற்க மறுத்தது. இரண்டு ஆண்டு முன்பு பக்கத்து ஊரான லஃப்பரோவின் மான்ஸ்ஃபீல்ட் ஹோசியரி ஆலையிலும் இதே கதை. முதலாளியோடு ஒரு போராட்டம், சந்தா வாங்கிக்கொண்டு பாராமுகமாக இருந்த சங்கத்தோடு இன்னொன்று.

இந்த இரட்டைப் போராட்டம் நாடறிய வெளிவந்தது வடமேற்கு லண்டனின் கிரன்விக்கில். தபாலில் வரும் படச்சுருள்களைக் கழுவிப் படமாக்கி அனுப்பும் நிறுவனம் அது. 1976 ஆகஸ்ட் மாத வெயிலில், கட்டாய மிகைநேர வேலையை ஏற்காமல் ஜெயாபென் தேசாய் வெளிநடப்புச் செய்தார். குஜராத்தில் பிறந்து, தாங்கனீக்காவில் வாழ்ந்து, நாற்பது வயதுக்கு மேல் இந்த வேலைக்கு வந்த பெண். இது தொழிற்சாலை அல்ல, மிருகக்காட்சிசாலை என்று மேலாளரிடம் சொன்னார். இங்கே ஆட்டுவிக்க ஆடும் குரங்குகளும் உண்டு, கடித்துக் குதறும் சிங்கங்களும் உண்டு என்பது அவர் சொன்னதன் பொருள். சேலை கட்டிய பெண்கள் மறியல் வரிசையில் நிற்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 1977 ஜூலையில் ஒரே நாளில் இருபதாயிரம் பேர்வரை ஆதரவுக்குத் திரண்டார்கள், வெள்ளைச் சுரங்கத் தொழிலாளிகள் உட்பட. கிரிக்கிள்வுட் தபால்காரர்கள் நிறுவனத்தின் தபால்களைத் தொட மறுத்தார்கள். நீதிபதி ஸ்கார்மன் தலைமையிலான விசாரணை, வேலையிழந்தவர்களைத் திரும்ப எடுக்கச் சொன்னது. நிறுவனம் மறுத்தது. அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் நிறுவனத்துக்கே சாதகமாக வந்தது. தொழிற்சங்கத் தலைமை மெல்லப் பின்வாங்கியபோது, தேசாயும் தோழர்களும் தொழிற்சங்கக் காங்கிரஸின் வாசலிலேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். அதற்காகத் தங்கள் சங்கத்தாலேயே தண்டிக்கப்பட்டார்கள். 1978 ஜூலையில் போராட்டம் தோல்வியில் முடிந்தது.

நிறுவனத்தின் உரிமையாளர் ஜார்ஜ் வார்டு டெல்லியில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். அதாவது ‘தெற்காசிய மரபு’ என்ற கூடைக்குள் வைத்தால் முதலாளி, தொழிலாளி இருவரையும் வைக்க வேண்டியிருக்கும். தேசாயைப் போற்றும்போது அவர் எதற்காகச் சண்டை போட்டார் என்பதைச் சொல்லாமல், தைரியமான ஆசியப் பெண்மணி என்று மட்டும் சொல்லிப் போற்றுவது எளிது. பல விழாக்கள் அந்த எளிய வழியைத்தான் எடுக்கின்றன.

தலைப்பாகை வழக்குகள் பற்றியும் இப்படிச் சொல்லலாம், ஆனால் அவை வென்றவை. உல்வர்ஹாம்ப்டனில் 1967-இல் பேருந்து ஊழியரான ஒரு சீக்கியர் தாடியோடும் தலைப்பாகையோடும் வேலைக்கு வந்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இரண்டு ஆண்டுப் போராட்டம். ஒருவர் தீக்குளிப்பேன் என்று நாள் குறித்த பிறகு, 1969-இல் நகராட்சி இறங்கிவந்தது. 1976-இல் மோட்டார் சைக்கிள் ஓட்டும் சீக்கியருக்குத் தலைக்கவசத்திலிருந்து விலக்கு. 1983-இல் பிரபுக்கள் சபை மண்ட்லா வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரு சிறுவனைத் தலைப்பாகையோடு சேர்க்க மறுத்தது ஒரு தனியார் பள்ளி. சீக்கியர் என்பது மதம் மட்டுமல்ல, இனக்குழுவும்தான், ஆகவே இனப் பாகுபாட்டுச் சட்டம் அவர்களைக் காக்கும் என்றது தீர்ப்பு. ஓர் இனக்குழுவை எதைக் கொண்டு அடையாளம் காண்பது என்று அதில் சொன்ன அளவுகோல்கள், சீக்கியரல்லாத எத்தனையோ சமூகங்களுக்கும் பிறகு பயன்பட்டன. ஒரு சமூகத்தின் சாதனை என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இப்படிப்பட்டது: தனக்காகத் தட்டித் திறந்த கதவு, பின்னால் வந்தவர்களுக்கும் திறந்தே கிடப்பது.

தெருவில் நடந்ததை நீதிமன்றத்திலிருந்து பிரிக்க முடியாது. 1976 ஜூனில் சவுத்தாலில் பதினெட்டு வயது குர்தீப் சிங் சாகர் குத்திக் கொல்லப்பட்டார். 1978 மே 4-ஆம் தேதி ஒயிட்சேப்பலில், வேலை முடிந்து வீடு திரும்பிய தையல் தொழிலாளி அல்தாப் அலி கொல்லப்பட்டார். அவருடைய சவப்பெட்டியின் பின்னால் ஏழாயிரம் பேர் நகர மையம்வரை நடந்தார்கள். அவர் விழுந்த இடத்தை ஒட்டிய பூங்காவுக்கு 1998-இல் அவர் பெயர் வந்தது; மொழிக்காக உயிர்நீத்தவர்களுக்கான டாக்காவின் சஹீத் மினாரைப் போல ஒரு சின்னமும் அங்கே நிற்கிறது. 1981-இல் நேஷனல் ஃப்ரன்ட் ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெட்ரோல் குண்டுகளைத் தயாரித்துவைத்த பிராட்ஃபோர்டு இளைஞர் பன்னிருவரை, தற்காப்புக்காகச் செய்தார்கள் என்று கூறி மறு ஆண்டு ஜூரி விடுவித்தது.

அந்த இளைஞர்கள் தங்களை இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று பிரித்துக்கொள்ளவில்லை. கரீபியரோடு சேர்ந்து, அரசியல் அர்த்தத்தில், கறுப்பர் என்றே சொல்லிக்கொண்டார்கள். அந்த ஒற்றுமைக்கு எழுத்தில் வலுச்சேர்த்தவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர். அம்பலவாணர் சிவானந்தன் 1958-இன் தமிழர் எதிர்ப்புக் கலவரத்திலிருந்து தப்பிக் கொழும்பிலிருந்து வந்தார். வந்து இறங்கிய லண்டனில் அதே ஆண்டு நாட்டிங் ஹில் கலவரம். வங்கி மேலாளராக இருந்தவர் நூலகரானார். இன உறவுகள் நிறுவனம் என்ற ஆய்வகத்தில் நூலகராகச் சேர்ந்து, 1970-களின் தொடக்கத்தில் ஊழியர்கள் நிர்வாகக் குழுவைத் தோற்கடித்த பிறகு அதன் இயக்குநரானார். ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ இதழை நடத்தினார். 2018-இல் காலமானார். அவருடைய நாவலைப் படித்த தமிழர்களில் பலர், பிரிட்டனின் இன அரசியலில் அவர் எத்தகைய ஆள் என்பதை அறியாதவர்கள்.

இன்றைய மரபு மாதங்களின் ரசிகராக சிவானந்தன் இருந்திருப்பாரா என்பது சந்தேகம். 1980-களில் அரசும் நகர மன்றங்களும் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனியாக நிதி கொடுக்கத் தொடங்கியபோது, இனவெறிக்கு எதிரான போராட்டம் பண்பாட்டு மானியத்துக்கான போட்டியாகச் சுருங்கிவிட்டது என்று வாதிட்டவர் அவர். கோயில், மசூதி, குருத்வாரா நிர்வாகிகளே சமூகத் தலைவர்கள் ஆனார்கள். 1989 ஜனவரியில் பிராட்ஃபோர்டில் ருஷ்தியின் நாவல் எரிக்கப்பட்டபோது, ஏழாண்டு முன்பு அதே ஊரில் ஒன்றாக நின்றவர்கள் மத அடையாளங்களாகப் பிரிந்து நின்றார்கள். அவர் வாதத்தை முழுவதுமாக என்னால் ஏற்க முடியவில்லை. பண்பாட்டு மானியத்தில் நடந்த தாய்மொழி வகுப்புகளும் முதியோர் மதிய உணவுக் கூடங்களும் வெறும் கையூட்டு அல்ல. ஆனாலும் யாருக்குக் காசு போகிறதோ அவர்கள் சமூகத்தின் குரலாகிவிடுகிறார்கள் என்ற அவருடைய எச்சரிக்கை பொய்க்கவில்லை.

அதற்கு நல்ல சான்று சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ். 1979-இல் ஆசிய, ஆப்பிரிக்க கரீபியப் பெண்கள் சேர்ந்து தொடங்கிய இந்த அமைப்பு, வீட்டுக்குள் நடக்கும் அடி உதையை வெளியே பேசியது. குடும்ப மானத்தைச் சந்தைக்குக் கொண்டுவருகிறீர்கள் என்று சமூகப் பெரியவர்களின் கோபத்தைச் சம்பாதித்தது. பத்தாண்டு வதைபட்டுக் கணவனைத் தீவைத்துக் கொன்ற கிரண்ஜித் அலுவாலியாவின் வழக்கை எடுத்து, 1992-இல் கொலைக் குற்றத் தீர்ப்பை ரத்துசெய்ய வைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். ஐஸ்வர்யா ராய் நடித்து அது படமாகவும் வந்தது. அடிபடும் பெண்கள் எந்த இனமாக இருந்தாலும் அவர்கள் வழக்குகளை நீதிமன்றங்கள் பார்க்கும் விதத்தை அந்தத் தீர்ப்பு மாற்றியது. 2008-இல் ஈலிங் கவுன்சில், ஒரே பிரிவுப் பெண்களுக்கு மட்டும் சேவை என்பது சமூக ஒருங்கிணைப்புக்கு உகந்ததல்ல என்ற தோரணையில் இவர்களுக்கான நிதியை நிறுத்தப் பார்த்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போய் வென்றார்கள். பிரிட்டனின் தெற்காசியப் பெண்கள் செய்தவற்றுள் இதைவிடப் பெரியதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது சமூகத்தின் சாதனைதான், ஆனால் சமூகத் தலைவர்களை எதிர்த்துச் சமூகம் செய்த சாதனை.

கொள்கை அளவில் நடந்த விவாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1966-இல் உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ், எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பது ஒருங்கிணைப்பு அல்ல, சம வாய்ப்போடு பன்மையும் சேர்ந்ததே அது என்றார். 2000-இல் பிக்கு பாரேக் தலைமையிலான குழு, பிரிட்டன் தன்னைச் சமூகங்களின் சமூகமாகவும் காண வேண்டும் என்றது. மறு ஆண்டே ஓல்டம், பர்ன்லி, பிராட்ஃபோர்டு நகரங்களில் கலவரம். ஒரே ஊரில் இரு சமூகங்கள் சந்திக்காமலே வாழ்கின்றன என்றது அதை ஆராய்ந்த கேன்டில் அறிக்கை. 2011-இல் பிரதமர் கேமரன் ம்யூனிக்கில் அரசின் பல பண்பாட்டுக் கொள்கை தோற்றது என்று பேசினார். வேடிக்கை என்னவென்றால், தோற்றது என்று சொன்ன அதே கட்சிதான் பதினொரு ஆண்டில் ஓர் இந்து பிரதமரைத் தந்தது.

2023 வசந்தத்தில் பிரிட்டனின் படம் இப்படி இருந்தது: பிரதமர் ரிஷி சுனக், ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் ஹம்ஸா யூசஃப், அங்கே எதிரணியில் லேபர் கட்சித் தலைவர் அனஸ் சர்வார், லண்டன் மேயர் சாதிக் கான். ஸ்காட்லாந்து பிரிய வேண்டும் என்றவர் பாகிஸ்தானிய வம்சாவளி, கூடாது என்றவர் இந்திய வம்சாவளி. எண்பது ஆண்டு முன்பு யாராவது இதைக் கதையாக எழுதியிருந்தால் பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். இன்னொன்று, சுனக்கின் தாத்தா வழி ஊர் இன்றைய பாகிஸ்தானின் குஜ்ரன்வாலா.

பெருமைப்படலாம், படத்தான் வேண்டும். கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புகலிடம் கேட்டு வருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தைக் கொண்டுவந்த உள்துறை அமைச்சர் ப்ரீதி படேலின் பெற்றோர் உகாண்டாவிலிருந்து வந்தவர்கள். அதையே கனவு என்று பேசிய அடுத்த அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன், தாய்வழியில் மொரிஷியஸ் தமிழ்க் குடும்பம். உயரத்துக்குப் போனவர் தன்னைப் போன்றவர்களுக்காகப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமில்லைதான், பவுநக்ரி காலத்திலேயே அது நியாயமில்லை. ஆனால் அந்த எதிர்பார்ப்பைக் கைவிட்டால், ஒருவர் பதவி பெறுவதை முழுச் சமூகத்தின் சாதனையாக எழுதுவதையும் சேர்த்துக் கைவிட வேண்டும். உச்சிக்கு இவ்வளவு பேர் போன அதே நாட்டில், பாகிஸ்தானிய, வங்கதேசக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் மிக அதிக அளவில் வறுமையில் வளர்கிறார்கள். ‘தெற்காசியர்’ என்ற ஒற்றைச் சராசரிக்குள் இது மறைந்துபோகிறது.

மறைந்துபோகிறவர்களில் தமிழரும் உண்டு. கணக்கெடுப்புப் படிவத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் என்று கட்டங்கள் இருக்கின்றன. இலங்கைத் தமிழர் ‘பிற ஆசியர்’ கட்டத்தில் குறியிட்டு எழுதிச்சேர்க்க வேண்டும். 2011-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் தமிழைத் தங்கள் முதன்மை மொழி என்றார்கள். வீட்டில் தமிழும் வெளியில் ஆங்கிலமுமாக வாழ்பவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

தமிழர் சாதனை என்றால் விம்பிள்டன் பிள்ளையார் கோயில், ஈலிங் அம்மன் தேர், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள், மாதங்கி அருள்பிரகாசத்தின் பாடல்கள், 2024-இல் ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில் வென்று, முதல் தமிழ்ப் பெண் எம்.பி. என்று பாராட்டப்பட்ட உமா குமரன் என்று வரிசை வரும். எல்லாம் சரி. நான் சேர்க்க விரும்புவது வேறு இரண்டு. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழ் அகதிகள் ஓடுபாதையருகே உடைகளைக் களைந்து நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விமானம் அவர்கள் இல்லாமல் போனது. உரிய ஆவணமின்றி ஆளேற்றிவரும் விமான நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கும் சட்டத்தை அந்த ஆண்டே அரசு கொண்டுவந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பிரபுக்கள் சபை, சிவகுமாரன் என்ற தமிழர் பெயரால் அறியப்படும் வழக்கில், அகதி ஒருவரின் அச்சத்துக்கு நியாயமான ஆதாரம் இருக்கிறதா என்பதை எப்படி அளப்பது என்று வகுத்தது. தமிழர்கள் வழக்கில் தோற்றார்கள். ஆனால் துன்புறுத்தல் நடக்க நியாயமான அளவு வாய்ப்பிருந்தால் போதும், நடக்கும் என்று உறுதியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்று அன்று வகுத்த அளவுகோலைத்தான், பிறகு வந்த ஆப்கானியரும் சோமாலியரும் குர்துகளும் பற்றிக்கொண்டார்கள். அகதிச் சட்டம் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் உச்சரிக்கும் தமிழ்ப் பெயர் அது.

2022-இல் லண்டன் மாநகர மன்றம் ஜனவரியைத் தமிழ் மரபு மாதமாக ஏற்றது. பொங்கலை நடுவில் வைத்த மாதம். கனடாவில் இப்படி ஒரு மாதம் அறிவிக்கப்பட்டதைப் பார்த்து அங்கும் கேட்டு வாங்கினார்கள். தெற்காசிய மாதம் ஒன்று இருக்க இது எதற்கு என்று கேட்பதைவிட, அந்த மாதத்தில் ஏன் இவர்களுக்கு இடம் போதவில்லை என்று கேட்பது பயன் தரும். பொதுக்கூடையில் எண்ணிக்கை மிக்கவர்களின் கதைதான் மேலே வரும். தனிக்கூடை வைத்துக்கொண்டால் உள்ளே வேறு யாரோ அடியில் போவார்கள். தமிழ் மரபு மாதத்தில் மலையகத் தமிழருக்கும் தமிழ் முஸ்லிம்களுக்கும் எவ்வளவு இடம் என்பதை அதை நடத்துபவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கூடையின் அடியில் எல்லாச் சமூகமும் சேர்ந்து மறைத்துவைத்திருப்பது சாதி. அதுவும் மரபுதான், கப்பலிலும் விமானத்திலும் நம்மோடு வந்ததுதான். 2010-இன் சமத்துவச் சட்டம், சாதியையும் இனப் பாகுபாட்டின் ஓர் அம்சமாகச் சேர்க்க அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. தலித் அமைப்புகள் தொடர்ந்து வாதாடியதால் 2013-இல் பிரபுக்கள் சபையின் வற்புறுத்தலில் நாடாளுமன்றம் அதைக் கட்டாயக் கடமையாக மாற்றியது. இந்து அமைப்புகள் பல கடுமையாக எதிர்த்தன. சாதி இங்கே இல்லை, சட்டம் போட்டு நீங்கள்தான் கொண்டுவருகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். அந்த விவாதம் நடந்த காலத்திலேயே, பீகாரிலிருந்து வீட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட ஆதிவாசிப் பெண் ஒருவர் நான்கரை ஆண்டு மணிக்குச் சில பென்ஸ் கூலிக்கு உழைத்துவிட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அவரை வேலைக்கு வைத்தவர்களும் இந்தியர்கள்தான். இனப் பூர்வீகம் என்பதற்குள் சாதியும் அடங்கக்கூடும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2014-இல் சொன்னது. மறு ஆண்டு அவருக்கு 1,80,000 பவுண்டுக்கு மேல் கூலி பாக்கி தர உத்தரவானது.

2018-இல் அரசு, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும், தனிச் சட்டம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. தெற்காசிய மரபு மாதம் தொடங்க அப்போது இரண்டு ஆண்டு இருந்தது. அமைச்சருக்குக் கடமை விதித்த அந்தப் பிரிவு, செயல்படுத்தப்படாமலேயே கிடக்கிறது.